டெர்ம் சிக்னலுக்குக் காத்திருந்த பேக்கப் ஸ்கிரிப்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மொத்த வியாபாரிகளின் ஆர்டர்களையும் விலைப்பட்டியல்களையும் கையாளும் ஒரு செயலியின் தரவுத்தளத்தை நாங்கள் நால்வர் பராமரித்து வந்தோம். தரவுத்தள மென்பொருள் போஸ்ட்கிரெஸ். ஒரே ஒரு லினக்ஸ் சர்வரில் டாக்கர் கன்டெய்னர்களாக, அதாவது ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்பட்ட தனித்தனிச் சூழல்களாக, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு இரவும் 2 மணிக்கு, சர்வரின் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் நிரல்) ஒரு தனிக் கன்டெய்னரைத் தொடங்கும். அதற்குள், பேஷ் என்ற ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஓட்டும் ஒரு ஸ்கிரிப்ட் பேக்கப் எடுத்து, சர்வரின் வட்டில் உள்ள பொது அடைவில் வைத்துவிட்டு முடியும். அந்த ஸ்கிரிப்ட்தான் கன்டெய்னரின் முதல் புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்), அதாவது அதன் உள்ளே புராசஸ் எண் 1.

ஸ்கிரிப்ட் அலட்சியமாக எழுதப்பட்டதல்ல என்பதை முதலிலேயே பதிவு செய்ய விரும்புகிறேன். இரண்டு பேக்கப்புகள் ஒரே நேரத்தில் ஓடிவிடக் கூடாது என்பதற்காக அது முதலில் பேக்கப் அடைவுக்குள் ‘லாக்’ (பூட்டு) என்ற பெயரில் ஓர் அடைவை உருவாக்கும். அந்த அடைவு ஏற்கெனவே இருந்தால், வேறொரு பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வெளியேறும். சிக்னல் என்பது ஒரு புராசஸுக்கு அனுப்பப்படும் சிறு அறிவிப்பு; அது வந்தால் என்ன செய்வது என்று ஷெல்லுக்குச் சொல்வது ‘டிராப்’ கட்டளை. அடுத்து, அதன் மூலம், ஸ்கிரிப்ட் முடியும்போதும், இன்ட் (குறுக்கீடு) அல்லது டெர்ம் (முடித்துக்கொள்ளும்படி கேட்பது) சிக்னல் வந்தாலும், லாக் அடைவையும் அரைகுறைக் கோப்பையும் நீக்கும்படி ஒரு துப்புரவுச் செயற்கூறு அமைக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு, தரவுத்தளத்தைப் படியெடுக்கும் பிஜி-டம்ப் கட்டளையின் வெளியீடு (டம்ப்), ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கடத்தும் பைப் வழியாக, சுருக்கும் நிரலான ஜிஜிப்புக்குச் சென்று, அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட கோப்பில் நேரடியாக எழுதப்படும். 14 நாட்களுக்கு மேற்பட்ட பேக்கப் கோப்புகளை நீக்குவது மட்டும் இந்த ஸ்கிரிப்ட்டின் வேலை அல்ல. சர்வரின் கிரானில் அது தனி வரியாக இருந்தது. இந்தப் பிரிவினை பின்னால் முக்கியமாகிறது.

எழுதியவர் அதைச் சோதித்தும் பார்த்திருந்தார். கன்டெய்னரைத் தம் டெர்மினலில் ஓடவிட்டு, பேக்கப் நடுவில் இருக்கும்போது கன்ட்ரோல்-சி அழுத்தினார். துப்புரவு உடனே நடந்தது. பிறகு, கன்டெய்னரை நிறுத்தும் ‘டாக்கர் ஸ்டாப்’ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தார். அப்போதும் லாக் நீங்கியது. அன்று சோதனைத் தரவுத்தளத்தின் டம்ப் முழுவதும் நான்கைந்து விநாடிகளில் முடிந்துவிடும் அளவுதான் இருந்தது. இரண்டு சோதனைகளும் உண்மையாகவே வெற்றி பெற்றன. இரண்டுமே நாங்கள் அறிய வேண்டியதை மறைத்துவிட்டன. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

## நிகழ்ந்தது

இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலைப் புதுப்பிப்பதற்காக ஒரு நாள் நள்ளிரவுக்குப் பின் சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருந்தது. பணியில் இருந்த பொறியாளர் ஓடிக்கொண்டிருந்த கன்டெய்னர்களை ஒவ்வொன்றாக ‘டாக்கர் ஸ்டாப்’ கொடுத்து முறைப்படி நிறுத்தினார். அப்போது மணி 2:20. அதற்குள் உண்மையான தரவுத்தளத்தின் டம்ப் 40 நிமிடங்கள் எடுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்ததால், பேக்கப் பாதியில் இருந்தது. மற்ற கன்டெய்னர்கள் உடனே நின்றன. பேக்கப் கன்டெய்னர் மட்டும் சற்றுத் தாமதமாக நின்றது. சர்வர் மீண்டும் எழுந்தது, செயலி இயல்பாக வேலை செய்தது.

காலையில், பேக்கப் 137 என்ற வெளியேற்ற எண்ணுடன் (ஒரு நிரல் முடியும்போது தரும் எண்; வழக்கமாக 0 என்றால் வெற்றி) முடிந்தது என்று கிரானிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. மறுதொடக்கம் நடந்த இரவு என்பதால் அது எதிர்பார்க்கத் தக்கதே என்று எண்ணி, அடுத்த இரவு சரியாகிவிடும் என்று பொறியாளர் குறித்துக்கொண்டார். அடுத்த இரவின் வெளியேற்ற எண் 0. குறிப்பு மூடப்பட்டது.

அந்த 0 வெற்றியின் எண் அல்ல. லாக் அடைவு இன்னும் இருந்ததால், வேறொரு பேக்கப் ஓடுகிறது என்று முடிவு செய்து ஸ்கிரிப்ட் ஒரு விநாடிக்குள் வெளியேறியிருந்தது. அத்தகைய வெளியேற்றம் பிழையல்ல என்று கருதி 0 கொடுக்கும்படி அது எழுதப்பட்டிருந்தது. அடுத்த இரவும் அப்படியே. இவ்வாறு 11 இரவுகள் கழிந்தன. இடையில், பழைய கோப்புகளை நீக்கும் தனிக் கிரான் வரி தன் கடமையைத் தவறாமல் செய்துகொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில், விலைப்பட்டியல் அட்டவணையைத் திருத்த அனுப்பப்பட்ட ஒரு கட்டளையில் நிபந்தனைப் பகுதி விடுபட்டு, எல்லா வரிகளின் விலையும் ஒரே தொகையாக மாறியது. பேக்கப்பிலிருந்து மீட்கலாம் என்று அடைவைத் திறந்தபோதுதான், கடைசிக் கோப்பு மறுதொடக்க இரவுடையது என்பது தெரிந்தது. ஜிஜிப்பின் சரிபார்ப்புக் கட்டளை அதைப் படித்து, எதிர்பாராமல் கோப்பு முடிந்துவிட்டதாகச் சொன்னது. அதற்கு முந்தைய இரவின் கோப்பு முழுமையாக இருந்தது. நீக்கும் வரி இன்னும் மூன்று இரவுகள் ஓடியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

விலைப்பட்டியல் அந்தக் கோப்பிலிருந்து மீண்டது. இடைப்பட்ட நாட்களில் நடந்த விலை மாற்றங்களை, வியாபாரிகளுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களைப் பார்த்துக் கணக்குப் பிரிவினர் இரண்டு நாட்கள் உட்கார்ந்து கையால் மீண்டும் பதிந்தார்கள். எங்கள் பிழையின் சுமையை அதில் சம்பந்தமே இல்லாதவர்கள் சுமந்தார்கள் என்பதே இந்த ஆய்வை விரிவாக எழுதக் காரணம்.

## ஆராய்ந்ததும் கண்டதும்

முதல் ஊகம் நினைவகப் பற்றாக்குறை. 137 என்றாலே நினைவகம் தீர்ந்து கர்னல் கொன்றுவிட்டது என்று படித்துக்கொள்ளும் பழக்கம் கன்டெய்னர்களோடு பழகியவர்களிடையே ஊறியிருக்கிறது. ஆனால் அந்த எண் சொல்வது மிகவும் குறைவு: சிக்னலால் முடிந்த புராசஸுக்கு 128உடன் சிக்னலின் எண் சேர்ந்து வரும். 128ஐக் கழித்தால் 9, அதாவது உடனே கொல்லும் கில் சிக்னலால் முடிந்தது, அவ்வளவுதான். அனுப்பியது யார் என்பது அதில் இல்லை. கர்னல் பதிவேட்டில் நினைவகம் பற்றிய வரி எதுவும் காணப்படவில்லை. மாறாக டாக்கரின் சொந்தப் பதிவேட்டில், 15ஆம் சிக்னல் அனுப்பி 10 விநாடிகளுக்குள் கன்டெய்னர் நிற்காததால் வலுக்கட்டாயமாக நிறுத்தப்படுகிறது என்ற பொருளில் ஒரு வரி, 2:20 மணிக்கு இருந்தது. 15 என்பது டெர்ம். ஆக, டெர்ம் வந்திருக்கிறது. அதற்கான டிராப்பும் இருந்திருக்கிறது. ஆனாலும் 10 விநாடிகளில் ஒன்றும் நடக்கவில்லை.

சோதனைச் சர்வரில் பிஜி-டம்ப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பத்து நிமிடம் சும்மா உறங்கும் ‘ஸ்லீப்’ கட்டளையை வைத்து ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டோம். ‘டாக்கர் ஸ்டாப்’ கொடுத்ததும் 10 விநாடிகள் அசையாமல் நின்று, பிறகு 137 என்று முடிந்தது. லாக் அடைவு அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறையும் இதே விளைவு கிடைத்ததால், காரணம் ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது உறுதியானது.

காரணம் பேஷ் கையேட்டில் சிக்னல்கள் பற்றிய பகுதியில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. முன்னணியில் ஒரு கட்டளை முடிவதற்காக ஷெல் காத்திருக்கும்போது, டிராப் அமைக்கப்பட்ட ஒரு சிக்னல் வந்தால், அந்தக் கட்டளை முடியும் வரை டிராப் நிறைவேற்றப்படாது. சிக்னல் வந்தது என்பதை ஷெல் குறித்து வைத்துக்கொள்கிறது. குறுக்கிட்டு எதையும் நிறுத்துவதில்லை. எங்கள் விஷயத்தில் முன்னணிக் கட்டளை இன்னும் 20 நிமிடங்கள் ஓட வேண்டிய பிஜி-டம்ப். டாக்கர் டெர்ம் சிக்னலை அனுப்பியது புராசஸ் எண் 1க்கு மட்டும். பிஜி-டம்ப்புக்கும் ஜிஜிப்புக்கும் எந்தச் சேதியும் போகவில்லை. அவை தம் வேலையைத் தொடர்ந்தன. 10 விநாடிகள் கழித்து வந்த கில் சிக்னலை எந்த ஸ்கிரிப்ட்டாலும் பிடிக்க முடியாது. எண் 1 இறந்ததும் அந்தக் கன்டெய்னரில் எஞ்சிய எல்லாப் புராசஸ்களையும் கர்னலே கொன்றுவிடுகிறது. துப்புரவுச் செயற்கூறு ஒரு வரி கூட ஓடவில்லை.

அப்படியானால் கன்ட்ரோல்-சி சோதனை ஏன் வென்றது? அந்த விசையை அழுத்தும்போது டெர்மினல் இன்ட் சிக்னலை ஷெல்லுக்கு மட்டும் அனுப்புவதில்லை. முன்னணியில் உள்ள புராசஸ் குழு முழுவதற்கும் அனுப்புகிறது. பிஜி-டம்ப்பும் அதைப் பெற்று முடிந்தது. அது முடிந்ததால் ஷெல் விடுபட்டது. விடுபட்டதால் டிராப் உடனே ஓடியது. பார்ப்பவருக்கு, சிக்னல் வந்ததால் டிராப் ஓடியது போலத் தெரிந்தது. ‘டாக்கர் ஸ்டாப்’ சோதனை வென்றதற்குக் காரணம் இன்னும் எளியது: சோதனை டம்ப் 10 விநாடிகளுக்குள் தானாகவே முடிந்துவிட்டது. தரவுத்தளம் வளர வளர, ஒரு வரி கூட மாறாமலேயே, ஒரு கட்டத்தில் இந்த ஸ்கிரிப்ட் பழுதாகிவிட்டிருக்கிறது. எந்த நாளில் என்று இப்போது கண்டுபிடிக்க வழியில்லை.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டிராப்பைச் சரிசெய்வதற்கு முன், டிராப்பே ஓடாவிட்டாலும் தீங்கு நேராதபடி ஸ்கிரிப்ட்டை மாற்ற வேண்டும் என்பதே எங்கள் முதல் முடிவு. கில் சிக்னல், மின்தடை, கர்னல் செயலிழப்பு ஆகிய மூன்றுக்கும் முன்னால் எந்தத் துப்புரவும் ஓடாது. எனவே டம்ப் இப்போது அதே அடைவில், வேறு பின்னொட்டுடன் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதப்படுகிறது; முழுதும் சரிபார்க்கப்பட்ட பிறகே ‘எம்வி’ கட்டளையால் இறுதிப் பெயரைப் பெறுகிறது. ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றம் பிளவுபடாத ஒரே செயல். இறுதிப் பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அது முழுமையான கோப்பு என்று நம்பலாம்.

லாக் அடைவை முற்றிலும் கைவிட்டு, ‘எஃப்-லாக்’ கட்டளைக்கு மாறினோம். அடைவோ கோப்போ இருக்கிறது என்பதையே லாக்காகக் கொள்ளும் முறை, தன்னை உருவாக்கிய புராசஸ் இறந்த பின்னும் உயிரோடிருக்கும். எங்களைப் பதினொரு இரவுகள் ஏமாற்றியது அதுவே. எஃப்-லாக் வைக்கும் பூட்டு, திறந்திருக்கும் கோப்போடு கட்டப்பட்டது. அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் கடைசிப் புராசஸ் எப்படிப் போனாலும் கர்னலே பூட்டை விடுவித்துவிடும். பூட்டு கிடைக்காமல் வெளியேறும்போது 0 கொடுப்பதையும் நிறுத்தினோம். தற்காலிகத் தோல்வி என்பதற்கு யூனிக்ஸ் மரபில் உள்ள 75 என்ற எண்ணை இப்போது கொடுக்கிறோம். பேக்கப் எடுக்கப்படாத இரவு எதுவும் வெற்றி என்று பதிவாகக் கூடாது.

அடுத்ததுதான் சிக்னல். பேஷ் கையேட்டின் அதே பகுதி வழியையும் சொல்கிறது: ஷெல் ‘வெய்ட்’ கட்டளையில் காத்திருக்கும்போது டிராப் அமைந்த சிக்னல் வந்தால், வெய்ட் உடனே 128ஐவிடப் பெரிய எண்ணுடன் திரும்பும், உடனடியாக டிராப் ஓடும். ஆகவே பிஜி-டம்ப்பைப் பின்னணியில் தொடங்கி, அதன் எண்ணை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, வெய்ட் கொடுத்துக் காத்திருக்கும்படி மாற்றினோம். டெர்ம் வந்தால் டிராப் செய்வது மூன்று: பிஜி-டம்ப்புக்கு டெர்ம் அனுப்புவது, அது உண்மையில் முடியும் வரை மறுபடி ஒருமுறை வெய்ட் கொடுப்பது, பிறகு தற்காலிகக் கோப்பை நீக்குவது. இரண்டாவது வெய்ட் இல்லாவிட்டால், பிஜி-டம்ப் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை நாம் நீக்க முயல்வோம்.

இந்த மாற்றத்தின்போது நாங்கள் ஒருமுறை சறுக்கினோம். பைப்பை அப்படியே வைத்துக்கொண்டு முழு வரியையும் பின்னணிக்கு அனுப்பினோம். ஆனால் பின்னணிப் புராசஸின் எண்ணைத் தரும் $! என்ற மாறியில், பைப்பின் கடைசிக் கட்டளையின் எண்தான் இருக்கும்; நாங்கள் டெர்ம் அனுப்பியது ஜிஜிப்புக்கு. பிஜி-டம்ப் அடுத்த முறை பைப்பில் எழுத முயலும் வரை தரவுத்தளத்தோடு தன் தொடர்பைப் பிடித்துக்கொண்டே இருந்தது. புராசஸ் குழுவாகத் தொடங்கிக் குழு முழுவதற்கும் சிக்னல் அனுப்பலாம் என்ற யோசனை வந்தது. அது சரியான வழிதான், ஆனால் ஸ்கிரிப்ட்டில் வேலைக் கட்டுப்பாட்டை (கட்டளைகளைத் தனித்தனிப் புராசஸ் குழுக்களாக ஷெல் நிர்வகிக்கும் வசதி) இயக்க வேண்டும், படிப்பவருக்கும் கடினம். பைப்பையே நீக்கிவிட்டோம். பிஜி-டம்ப்பின் சொந்த வடிவம் தானே சுருக்கி, நேரடியாகக் கோப்பில் எழுதும். ஒரே புராசஸ், ஒரே எண், ஒரே வெளியேற்ற எண்.

பிஜி-டம்ப்புக்கு இன்ட் அனுப்பாமல் டெர்ம் அனுப்பியதற்கும் காரணம் உண்டு. வேலைக் கட்டுப்பாடு இல்லாத ஷெல்லில் பின்னணியில் ஓட்டச் சொல்லும் & குறியுடன் தொடங்கப்படும் கட்டளைகள், இன்ட், குவிட் ஆகிய இரு சிக்னல்களையும் புறக்கணிக்கும் நிலையிலேயே பிறக்கின்றன. அந்த நிரல் தானாக வேறு ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால், நாம் அனுப்பும் இன்ட் காற்றில் போகும். டெர்ம் அவ்வாறு புறக்கணிக்கப்படுவதில்லை.

சரிபார்ப்பிலும் ஒரு கண்ணி இருந்தது. மீட்கும் கட்டளையான பிஜி-ரீஸ்டோரிடம் பொருளடக்கத்தை மட்டும் பட்டியலிடச் சொல்லிச் சோதிக்கலாம் என்று முதலில் நினைத்தோம். அந்தப் பொருளடக்கம் கோப்பின் தொடக்கத்திலேயே இருப்பதால், பின்பாதி வெட்டப்பட்ட கோப்பும் அந்தச் சோதனையில் தேறிவிடக்கூடும். இப்போது கோப்பு முழுவதையும் படித்து வெளியீட்டை, எழுதுவதையெல்லாம் தூக்கியெறியும் வெற்றுச் சாதனத்துக்கு அனுப்பும்படி ஓடவிடுகிறோம். சில நிமிடங்கள் கூடுதலாகும், அது ஏற்கத்தக்கது.

இறுதியாக, சிக்னலால் நின்ற ஸ்கிரிப்ட் எந்த எண்ணுடன் வெளியேற வேண்டும் என்ற கேள்வி. துப்புரவு முடிந்ததும் டிராப்பை நீக்கிவிட்டு அதே சிக்னலைத் தனக்குத் தானே அனுப்பிக்கொள்வது நல்ல மரபு. தாய்ப் புராசஸுக்கு உண்மைக் காரணம் தெரியும். ஆனால் கன்டெய்னரில் எண் 1 ஆக ஓடும் புராசஸுக்கு இது பொருந்தாது: கையாள ஏற்பாடு இல்லாத சிக்னல்களின் இயல்பு விளைவைக் கர்னல் எண் 1க்கு, அதன் சொந்த எல்லைக்குள்ளிருந்து அனுப்பப்படும்போது, செயல்படுத்துவதில்லை. தனக்கே டெர்ம் அனுப்பிக்கொண்ட ஸ்கிரிப்ட் ஒன்றுமே நடவாததுபோல அடுத்த வரிக்குப் போய்விடும். ஆகவே 143 என்ற எண்ணுடன் நேரடியாக வெளியேறுகிறோம். 128உடன் 15 சேர்ந்த எண் அது.

ஏற்காத வழிகளையும் குறிப்பிட வேண்டும். டாக்கரின் ‘இனிட்’ விருப்பத்தை இயக்கினால் போதாதா என்று கேட்டார்கள். அது ஒரு சிறு நிரலை எண் 1 ஆக வைத்து, வரும் சிக்னலைத் தன் நேர்ப் பிள்ளையான ஷெல்லுக்குக் கடத்தும். ஷெல் அப்போதும் முன்னணிக் கட்டளைக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும். நிறுத்தும் கால எல்லையை 10 விநாடிகளிலிருந்து ஒரு மணி நேரமாக்கலாம் என்றும் ஒரு கருத்து வந்தது. மறுதொடக்கத்துக்கு நிற்கும் ஒருவரை ஒரு மணி நேரம் காக்கவைத்தால், அவர் தம் கையாலேயே கில் அனுப்புவார். எல்லையை 60 விநாடிகளாக மட்டும் உயர்த்தினோம்.

பழைய கோப்புகளை நீக்கும் வேலை பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்குள் வந்தது. புதிய கோப்பு சரிபார்க்கப்பட்டுப் பெயர் பெற்ற பின்னரே பழையது ஒன்று போகிறது.

## பின்விளைவு

உண்மையான அளவுள்ள தரவுத்தளப் பிரதியில், டம்ப் பாதியில் இருக்கும்போது ‘டாக்கர் ஸ்டாப்’ கொடுத்தோம்: ஒரு விநாடிக்குள் 143. தற்காலிகக் கோப்பு இல்லை. பிறகு எந்த அவகாசமும் தராமல் நேரடியாகக் கில் அனுப்பினோம்: 137, தற்காலிகக் கோப்பு எஞ்சியது, ஆனால் இறுதிப் பெயரில் எதுவும் இல்லை, அடுத்த ஓட்டம் தடையின்றிப் பூட்டைப் பெற்று, எஞ்சிய கோப்பை நீக்கி, முழுமையாக முடிந்தது. இரண்டாவது சோதனைதான் எங்களுக்கு நிம்மதி தந்தது.

அதன் பின் எங்களிடமிருந்த மற்ற ஸ்கிரிப்ட்களையும் தேடிப் படித்தோம். டிராப் வைத்திருந்தவற்றில் பெரும்பாலானவை இதே வடிவில், நீண்ட முன்னணிக் கட்டளைக்குப் பின்னால் சிக்கியிருந்தன. ஒன்றில் டிராப் பட்டியலில் 9உம் சேர்க்கப்பட்டிருந்தது; அந்த எண்ணுக்கு அது எதையும் செய்யாது. இன்னொன்று முதல் வரியில் ‘எஸ்எச்’ என்று அறிவித்து, ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடும் எக்ஸிட் டிராப்பை மட்டும் நம்பியிருந்தது. பேஷில் டெர்ம் போன்ற சிக்னலால் இறந்தாலும் (கில் தவிர) எக்ஸிட் டிராப் ஓடும். டெபியனிலும் உபுண்டுவிலும் எஸ்எச் என்பது டேஷ் என்ற வேறொரு ஷெல், அதில் அவ்வாறு ஓடாது. அதனால் எந்தெந்தச் சிக்னல்களைக் கையாள்கிறோம் என்பதை ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டிலும் பெயர் சொல்லி எழுதும் வழக்கத்தை ஏற்றுக்கொண்டோம்.

## இனி மாற்றவிருப்பவை

சிக்னல் கையாளும் ஸ்கிரிப்ட் எதையும், அது உண்மையில் நிறுத்தப்படும் வழியிலேயே, உண்மையில் எடுக்கும் நேரத்துக்கு ஈடான ஒரு ஸ்லீப்பை உள்ளே வைத்துச் சோதிப்பது இப்போது எங்கள் ஏற்பு நிபந்தனை. கன்ட்ரோல்-சி சோதனை செய்யலாம், ஆனால் அது தனித்துப் போதாது. வெளியேற்ற எண்ணைப் பார்க்கும் கண்காணிப்போடு, கடைசி முழுமையான பேக்கப் எத்தனை மணி நேரம் பழையது என்பதைப் பார்க்கும் தனிக் கண்காணிப்பும் சேர்ந்திருக்கிறது. அது 26 மணி நேரத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். இது ஒன்று முதலிலேயே இருந்திருந்தால் இரண்டாம் நாளே எல்லாம் தெரிந்திருக்கும்.

இன்னும் முடியாத வேலை ஒன்று உண்டு. ஆர்டர்களை இரவில் வெளி அமைப்புக்கு அனுப்பும் ஸ்கிரிப்ட், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு சிறு நிரலை அழைத்து ஒரு சுழற்சியாக ஓடுகிறது. டெர்ம் வந்தால் நடப்பு ஆர்டரைப் பாதியில் வெட்டக் கூடாது, ஆனால் அடுத்ததைத் தொடங்கவும் கூடாது. அங்கே ஷெல் டிராப்பைத் தள்ளிப்போடும் அதே இயல்பு நமக்குத் தேவையானதாகிறது: டிராப் ஒரு கொடியை மட்டும் உயர்த்த, சுழற்சி ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிட்டு நிற்கிறது. ஓர் ஆர்டர் 60 விநாடிகளுக்கு மேல் இழுத்தால் என்ன செய்வது என்பதை வெளி அமைப்பின் பொறுப்பாளர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். அது முடியும் வரை, மறுதொடக்கத்துக்கு முன் அந்த ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்பதை உறுதிசெய்யும் வரி ஒன்று பணிக் குறிப்பேட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறது.